பத்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொன்னார்கள்

என் கணவர் நெடுந்தீவில் பிறந்தவர். அவரோடு ஒருமுறை கோப்பி குடித்த எவருக்கும் இது தெரியும். நெடுந்தீவு என்ற சொல் வாயிலிருந்து விழுந்த அடுத்த நிமிடமே குதிரை வந்துவிடும். பழைய காலத்து வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போன குதிரைகள் அந்தத் தீவில் கட்டாக்காலியாகத் திரிவதை முதலில் சொல்லுவார். பிறகு கேட்பவரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, தான் பத்து வயதில் சேணமும் இல்லாமல் கடிவாளமும் இல்லாமல் அவற்றில் ஒன்றின் முதுகில் ஏறிக் கடற்கரை நீளத்துக்கும் ஓடிய கதையைத் தொடங்குவார். கல்யாணம் முடித்த புதிதில் நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் கேட்டேன். இந்த இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் குதிரை நன்றாக வளர்ந்துவிட்டது. கடைசியாக இங்கே கனடாவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது அது எங்கள் கராஜுக்குள் நுழைய முடியாத உயரத்தில் இருந்தது.

மகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். போன மே மாதம் தகப்பனின் பிறந்தநாளுக்கு அவள் வாங்கிய பரிசு மூன்று டிக்கற். ஒஷாவாவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் காட்டுக் குதிரைகளை வைத்திருக்கிறார்களாம். கனடாவின் மேற்கு மாகாணம் ஒன்றின் மலையடிவாரத்தில் பிடித்த குதிரைகள், ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றி இங்கே கொண்டுவந்து விட்டவை. யாரும் ஏற மாட்டார்கள், யாரும் கட்ட மாட்டார்கள். அவை பாட்டுக்குத் திரியும். வழிகாட்டி ஒருவர் நம்மைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

"அப்பா, யூ ஆர் கோயிங் டு லவ் இற். உங்கட ஊர்க் குதிரை மாதிரியே வைல்ட் ஹோர்ஸஸ்!" என்றாள் மகள்.

இவர் டிக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், ஓம், நல்லது," என்றார். ஏன் திருப்பிப் பார்த்தார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

போவதற்கு இரண்டு நாள் இருக்கையில் மகளுக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை வேலை போட்டுவிட்டார்கள். "அம்மா, ஐம் சோ சொறி. மாமியைக் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள்.

மாமி என்று அவள் சொன்னது இவருடைய அக்காவை, எனக்கு மச்சாள். குடும்பத்திலேயே முதலில் கனடா வந்தவர். பார்க்டேலில் வந்து இறங்கிய அதே கட்டடத்தில் இன்றைக்கும் இருக்கிறார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்து, தம்பிமார் எல்லோரையும் கூப்பிட்டு எடுத்து, தான் தனியாக இருந்துவிட்டவர். நெடிய உருவம், நிமிர்ந்த முதுகு. எங்கள் கல்யாண அல்பத்தில் எல்லாப் படத்திலும் இருக்கிறார், ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. சண்டை போடும் அளவுக்கு நாங்கள் பேசிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். என்னை 'நீர்' என்பார். நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு அளவா இருக்கு," என்பார். நாலு மணித்தியாலம் அவரோடு சேர்ந்து குதிரை பார்ப்பதா?

இவர் விடியவே பார்க்டேலுக்குப் போய் அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார். நான் பின்சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கண் கரித்தது. அப்படி ஒரு மணம். மச்சாள் முன்சீற்றிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

"வேப்பெண்ணெய். பண்ணையெண்டால் நுளம்பு இருக்கும். நீரும் கொஞ்சம் பூசுமன்."

"இல்லை மச்சாள், எனக்கு நுளம்பு கடிக்காது."

இவர் மெல்லத் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார்.

"குளிருதடா. மூடு."

மூடினார். ஒஷாவா தாண்டும்வரை நான் துப்பட்டாவால் மூச்சு விட்டேன்.

பண்ணை வாசலில் எங்களோடு இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. பெரிய கமராக்களோடு இரண்டு இளம் பெண்கள். ஏதாவது நடந்தால் பண்ணை பொறுப்பில்லை என்று ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். இவர் அதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் வாசித்தார். வீட்டுக் கடன் பத்திரத்தையே வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட மனுஷன்.

வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க பெண். நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, சேறு அப்பிய றப்பர் சப்பாத்தோடு வந்தார். எங்கள் எல்லோரையும் ட்ராக்டர் பெட்டியில் வைக்கோல் கட்டுகள்மேல் இருத்தி விதிகளைச் சொன்னார். ஓடக்கூடாது. தொடக்கூடாது. சத்தம் போடக்கூடாது. சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. மேய்ச்சல் நிலத்துக்குள் போனதும் பத்து நிமிடம் அசையாமல், ஒரு சொல்லும் பேசாமல் நிற்க வேண்டும். "நீங்கள் அவற்றிடம் போகவேண்டாம். விருப்பம் என்றால் அவை உங்களிடம் வரும்," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "உங்களில் யாராவது இதற்கு முன்பு காட்டுக் குதிரையோடு பழகியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருடப் பழக்கம் கையைத் தானாகத் தூக்கிவிட்டது.

ஆங்கிலத்தில் அந்தக் கதை இன்னும் நன்றாக இருந்தது. இந்து சமுத்திரம், பவளக் கற்களால் கட்டிய வேலிகள், சூரிய அஸ்தமனம். கமராப் பெண்கள் "வாவ்" என்றார்கள். வழிகாட்டியின் கண்கள் விரிந்தன. "கடிவாளம் இல்லாமலா? அப்படியென்றால் இன்று நீங்கள்தான் முன்னுக்கு, என் பக்கத்தில் நிற்கவேண்டும். அவற்றுக்குத் தெரியும், யார் தங்களை அறிந்தவர் என்று."

இவருடைய முகம் தோசை மாவின் நிறத்துக்கு வந்தது.

எனக்குப் பக்கத்தில் மச்சாள் அசையாமல் இருந்தார். கண்ணை நேரே வைத்துக்கொண்டு, உதடு அசைவது தெரியாமல், "உவன் எப்ப குதிரை ஏறினவன்?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். "கடற்கரையில மச்சாள். பத்து வயசில."

ட்ராக்டர் புறப்பட்டது.

மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கி நடந்தோம். மழை பெய்து விட்டிருந்ததால் நிலம் சப்புச் சப்பென்றது. ஒரு சரிவு ஏறியதும் அவை தெரிந்தன. பதினைந்து இருபது இருக்கும். நான் படத்தில் பார்த்த மினுக்கிய குதிரைகள் இல்லை. குளிர்கால மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்று கொண்டிருக்க, பிடரியில் முள்ளும் சருகும் சிக்கியிருக்க, பரந்த நெற்றியும் குட்டையான காலுமாக மேய்ந்துகொண்டிருந்தன. இரண்டு தாய்மாரோடு குட்டிகளும் நின்றன. ஒரு குட்டி தன் காலே தனக்குத் தடுக்கி விழுந்து, எழும்பி, ஒன்றும் நடவாததுபோலச் சுற்றிப் பார்த்தது. வழிகாட்டி கையை உயர்த்தினார். பத்து நிமிடம் தொடங்கியது.

எவ்வளவு அமைதி! புல்லைப் பிடுங்கும் சத்தம், மூக்கால் ஊதும் சத்தம், தூரத்தில் ஒரு பறவை. இப்படி ஒன்றும் செய்யாமல் நின்று எத்தனை காலம் என்று நினைத்தேன்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு மண்ணிறப் பெண்குதிரை தலையைத் தூக்கியது. எல்லோரையும் பார்த்தது. பிறகு நேரே இவரை நோக்கி நடந்து வந்தது.

வழிகாட்டி இவரைப் பார்த்துப் பெருமையோடு தலையசைத்தார். இவர் நெஞ்சை நிமிர்த்தினார். குதிரை இன்னும் பத்தடி கிட்ட வந்தது. இவர் பக்கவாட்டில் ஒரு அடி வைத்தார். அது இன்னும் கிட்ட வந்தது. இவர் இன்னும் ஒரு அடி வைத்தார். அசையக்கூடாது என்ற விதியை மீறாமல் எப்படி நகர்வது என்று யாராவது பார்க்க விரும்பினால் அன்று இவரைப் பார்த்திருக்க வேண்டும். இடுப்புக்கு மேலே சிலை, கீழே நண்டு. கடைசியில் அந்த வயதான வெள்ளைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இவர் முழுதாக மறைந்துவிட்டார். வெள்ளைக்காரர் குனிந்து தன் மனைவியின் காதில் ஏதோ கேட்டார். மனைவி தோளைக் குலுக்கினார்.

அந்த நேரம் பார்த்து மச்சாள் என் காதுப்பக்கம் சாய்ந்தார். அல்பத்தில் இருக்கும் அதே முகம். குரல் மட்டும் மூச்சளவு.

"கடற்கரையுமில்லை, சவாரியுமில்லை. உவன் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள பனங்கிழங்கு வச்சிருந்தவன். குதிரை மணந்துபோட்டுக் கவ்வீற்றுது. உவன் கத்திக்கொண்டு ஓட, காற்சட்டை குதிரையின்ர வாயில. உவன் கல்வேலியில ஏறி வெறும் சேட்டோட இருந்தான். ஞாயிறுப் பூசை முடிஞ்சு வந்த சனம் முழுக்கப் பாத்தது. நான்தான் போய் இறக்கினனான்."

எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. உதட்டைக் கடித்தேன். கன்னத்தை உள்ளே இழுத்துக் கடித்தேன். சின்ன வயதில் பூசை நேரத்தில் சிரிப்பு வந்தால் செத்துப்போன ஆட்களை நினைக்கச் சொல்லுவார்கள். எங்கள் குடும்பத்தில் செத்த எல்லோரையும் வரிசையாக நினைத்தேன். அத்தனை பேரும் கல்வேலியில் வெறும் சேட்டோடு இருந்தார்கள்.

இவர் காணாமல்போனதால் குதிரைக்கு இலக்கு மாறியது. அது காற்றில் மூக்கை நீட்டி மணந்தது. திரும்பியது. மச்சாளை நோக்கி வந்தது.

மச்சாள் அசையவில்லை. அந்த நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே நின்றது. குதிரை ஒரு கை தூரத்தில் வந்து நின்று, கழுத்தை நீட்டி, அவர் கையை, தோளை, பிறகு கழுத்தை ஆழமாக மணந்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு கணம் யோசித்தது. பிறகு வானத்தைப் பார்த்து மேலுதட்டை அப்படியே மூக்குவரை மடித்து, மஞ்சள் பல் முழுவதையும் காட்டிக்கொண்டு நின்றது. கண்ணாணையாகச் சொல்கிறேன், வேப்பெண்ணெய் குடித்த குழந்தையின் முகம் அது.

வழிகாட்டி மெல்லிய குரலில் சொன்னார்: "பயப்படவேண்டாம். அறியாத மணம் ஒன்று வந்தால் குதிரை இப்படித்தான் உதட்டை மடித்து அதைச் சோதிக்கும். இவ்வளவு நேரம் செய்து நான் கண்டதில்லை. என்ன பூசியிருக்கிறீர்கள்?"

மச்சாள் குதிரையின் பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீம் ஒயில்," என்று சொல்ல வாயைத் திறந்தார். "நீ..." என்றதும் குரல் பிசகியது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. நான் அந்த மனுஷியிடமிருந்து ஒருநாளும் கேட்டிராத சத்தம், சைக்கிள் ரியூபில் காற்றுப் போவதுபோல.

அதோடு முடிந்தது. நான் என் துப்பட்டாவை வாய்க்குள் திணித்தேன். மச்சாள் முகத்தை என் தோளில் புதைத்தார். இருவருடைய உடம்பும் குலுங்கியது. குதிரை இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வெள்ளைக்காரரின் கக்கத்துக்குள்ளால் இவர் தலையை நீட்டி, "என்ன? என்ன?" என்று கேட்கிறார். அந்தத் தலையைக் கண்டதும் துப்பட்டாவையும் மீறி எனக்குச் சத்தம் வந்துவிட்டது.

வழிகாட்டி கிட்ட வந்தார். கோபிக்கவில்லை. ஆனால் அவருடைய வாயின் ஒரு பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது. "நீங்கள் இரண்டு பேரும் போய் ட்ராக்டர் பெட்டியில் இருங்கள், ப்ளீஸ். மெதுவாக நடந்து போங்கள்," என்றார்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மச்சாளுக்கு அறுபத்தாறு. வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, சேற்றுக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினோம். பாதி வழியில் மச்சாளின் ஒரு சப்பாத்தைச் சேறு விழுங்கிவிட்டது. இழுத்தோம். வரவில்லை. இன்னும் இழுத்தோம். "ப்ளக்" என்ற சத்தத்தோடு சேறு நிரம்பி வந்தது. நாங்கள் இருவரும் சேற்றில் விழுந்திருந்தோம். மச்சாள் வெறும் சொக்ஸோடு அப்படியே இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் ஓட ஓடச் சொன்னார்:

"ஐயோ, எனக்கு மூச்சு வருகுதில்லையடி! என்னைப் பாராதை! நீ பாத்தால் எனக்கு இன்னும் வருகுது!"

'அடி' என்றார். 'நீ' என்றார். இருபத்தெட்டு வருடத்தில் முதல்தடவை. அதற்காகவும் சேர்த்துச் சிரித்தேன்.

ஒருவழியாகப் பெட்டியில் ஏறி வைக்கோல் கட்டில் இருந்தோம். மூச்சு வாங்கியது. மச்சாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சீலைத் துண்டால் துடைத்தார். "அந்த மனுசி எங்களைப்பற்றி என்ன நினைச்சிருப்பா," என்றார். "குதிரை என்ன நினைச்சிருக்குமோ," என்றேன். திரும்பவும் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் வைக்கோல் கட்டு அதிர்ந்தது. முதலில் ட்ராக்டரை யாரோ இயக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். ட்ராக்டரில் யாருமில்லை. சத்தம் நிலத்துக்குள்ளிருந்து வந்தது. மச்சாள் என் கையைப் பிடித்தார்.

சரிவின் மற்றப் பக்கத்தால் வளைந்து, கூட்டம் முழுதும் வந்தது. எதற்கோ பயந்தன என்றில்லை, பயமே இல்லை. ஓட வேண்டும்போல் இருந்தது, ஓடின. முன்னுக்கு அந்த மண்ணிறப் பெண்குதிரை. பின்னால் கறுப்பு, சாம்பல், செம்மஞ்சள் எல்லாம் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு, பிடரி பறக்க, சேறு கட்டி கட்டியாக எழும்ப. ட்ராக்டரைக் கண்டதும் ஆற்றுத் தண்ணீர் கல்லைக் கண்டதுபோல இரண்டாகப் பிரிந்தன. எங்களுக்கு இந்தப் பக்கமும் குதிரை, அந்தப் பக்கமும் குதிரை. கை நீட்டினால் தொடலாம். அவற்றின் உடம்புச் சூடு முகத்தில் அடித்தது. ஒரு சேற்றுத் துண்டு என் நெற்றியில் வந்து ஒட்டியது. கடைசியாக அந்தக் கால் தடுக்கும் குட்டி, தாயின் வயிற்றோடு ஒட்டி, நாலு காலையும் எங்கெங்கோ எறிந்துகொண்டு ஓடியது. இந்த முறை விழவில்லை.

திரும்பிப் பார்த்தால், முழங்கால் வருத்தம் என்று தேவாலயத்தில்கூட முழங்காலில் நிற்காத மச்சாள், வைக்கோல் கட்டின்மேல் ஏறி நிற்கிறார். இரண்டு கையும் மேலே. ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் சேற்றுச் சொக்ஸ். கழுத்து நரம்பு புடைக்க, "ஊஊஊய்!" என்று கத்தினார். எனக்கும் என்ன வந்ததோ, நானும் ஏறி நின்று கத்தினேன். குதிரைகள் எங்களைச் சட்டையே செய்யவில்லை. இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து, வேலியோரத்து மரங்களை நோக்கிப் போய்ச் சின்னதாகிவிட்டன.

மச்சாள் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெல்ல என் தோளைப் பிடித்து இறங்கி, "இன்னொருக்கால் வருமோ?" என்று கேட்டார்.

மற்றவர்கள் சரிவால் இறங்கி வந்தார்கள். தூரத்தில் குதிரைகளின் முதுகுகளைத்தான் கண்டார்களாம். கமராப் பெண்களுக்கு அழுகை வராத குறை. வழிகாட்டி எங்கள் முகத்துச் சேற்றைப் பார்த்து, "வெளியே அனுப்பினேன், நீங்கள் முன்வரிசையில் இருந்திருக்கிறீர்கள்," என்று சிரித்தார். பத்து நிமிட அமைதியைக் குழப்பியதற்கு மச்சாள் மன்னிப்புக் கேட்டார். அந்த மண்ணிறக் குதிரை புதிதாக வருபவர்களிடம் இலேசில் போகாது என்றும், இனிமேல் அதற்கு மச்சாளை எங்கு கண்டாலும் அடையாளம் தெரியும் என்றும் வழிகாட்டி சொன்னார். மச்சாளின் முகம் சிவந்தது.

திரும்பும்போது மச்சாள் முன்சீற்றில் ஏறவில்லை. "நான் இவளோட இருக்கிறன்," என்று பின்னால் வந்து ஏறினார். இவர் தனியே டாக்சி ஓட்டுபவர்போல ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நாங்கள் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு இருந்தோம். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் ஒருவருக்கு மூக்கால் காற்றுப் போகும். உடனே மற்றவருக்கும் போகும்.

இவர் பின்பக்கம் காட்டும் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். "அக்கா என்ன சொன்னவ உனக்கு?"

"ஒண்டுமில்லை."

"பனங்கிழங்கோ?"

நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். இவர் முன்னால் போன லொறி ஒன்றைத் தாண்டினார். காது நுனி சிவந்திருந்தது. பிறகு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்போல நிதானமாகச் சொன்னார்:

"அக்கா பிழையாச் சொல்லியிருப்பா. அது கவ்வினது சேட்டைத்தான். காற்சட்டை ஓடேக்கை தானாக் கழண்டது."

இதற்குமேல் காரை ஓட்ட முடியவில்லை. கோப்பிக்கடை ஒன்றின் முன்னால் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து, இவரும் எங்களைப்போலவே சிரித்தார். பக்கத்துக் காரில் இருந்த பெண் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினோம்.

இது நடந்து ஒரு வருடமாகப் போகிறது. இவருடைய கதையில் குதிரை இன்னும் இருக்கிறது, சவாரி இல்லை. காற்சட்டைக் கதைக்குத்தான் ஆட்கள் கூடச் சிரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டுவிட்டார்; இப்போது கல்வேலியின் உயரம் கூடிக்கொண்டு வருகிறது. நானும் மச்சாளும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கேயாவது புறப்பட்டுவிடுகிறோம், இவரை விட்டுவிட்டு. அப்பிள் தோட்டம் போனோம். ஆந்தைகள் இருக்கும் ஒரு இடத்துக்குப் போனோம். போன மாதம் ஒட்டகக் கழுத்தும் ஆட்டு மயிருமான அல்பாகா வளர்க்கும் பண்ணை. அங்கே பழுப்பு நிற அல்பாகா ஒன்று மச்சாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, குறி தப்பாமல் அவருடைய மூக்குக்கண்ணாடியில் துப்பியது. கண்ணாடியைக் கழற்றாமலே மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

"என்னடி பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? போட்டோ எடு!"